பேரம் பேசாத விபிஎன்

லினக்ஸ்ல விபிஎன் போட இன்னிக்கு நாலஞ்சு கட்டளை போதும். இந்த எளிமை எங்கிருந்து வந்தது?

1995-இல் முதல் ஆவணங்கள் வெளியான ஐபிசெக்கில், எந்தக் குறியாக்கம் என்பதை இரு முனைகளும் பேரம் பேசித் தீர்மானிக்கும். அமைப்பில் ஒரு வரி பொருந்தலைன்னா இணைப்பு கிடைக்காது. மத்திய ஆசியப் பயணத்தில் தன் இணையப் போக்குவரத்தை யார் பார்க்கிறார்களோ என்று கவலைப்பட்ட ஜேம்ஸ் யோனன் 2001-இல் ஓபன்விபிஎன்னை வெளியிட்டார். சுலபம்தான், ஆனா சான்றிதழ், அமைப்புக் கோப்புன்னு வேலை இருக்கும்.

ஜேசன் டோனன்ஃபெல்ட் வேறு வழியில் போனார். 2016-இல் அவர் வெளியிட்ட வயர்கார்டில் பேரமே கிடையாது. குறியாக்கம் சாச்சா20, சாவிக்கு கர்வ்25519, அவ்வளவுதான். நிரலும் சுமார் 4,000 வரிதான். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் சேர்ந்தது.

‘டபிள்யூஜி ஜென்கீ’ என்று அடித்தால் ரகசியச் சாவி. அதிலிருந்து எடுக்கும் பொதுச்சாவியை எதிர்முனைக்குக் கொடுத்து, அதனுடையதை வாங்கி, சில வரிகளில் ஒரு கோப்பு எழுதணும். அப்புறம் ‘டபிள்யூஜி-குவிக் அப் டபிள்யூஜி0’. முடிஞ்சது.

இதுக்கு ஒரு விலை உண்டு. நாளைக்கே அந்தக் குறியாக்கம் உடைந்தால் மாற்று எதுவும் உள்ளே இல்லை. எல்லோரும் புதுப் பதிப்புக்கு மாறியாகணும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, ஒரே ஆள் உட்கார்ந்து முழுசா வாசித்துச் சோதிக்கக்கூடிய நிரல். ரகசியத்தை ஒப்படைக்கிற இடத்தில் அது சின்ன விஷயமில்லை.