சுயாதீன உதை: ஒரு வரலாற்று நோக்கு

உதைபந்தாட்டத்திற் சுயாதீன உதையைத் தவறுக்குரிய தண்டமாகவே இன்று பாடசாலைச் சிறுவனும் அறிவான். தொடக்கத்தில் அது வெகுமதியாகவே இருந்தது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863 இல் வகுத்த விதிகளின்படி, எதிரணியினர் உதைத்த பந்தை நிலத்தில் விழுமுன் கையாற் பிடித்தவன், உடனே குதிகாலால் அடையாளமிட்டு அவ்வுதையைக் கோரலாம். இடறிவிடுதலும் பிடித்துத் தள்ளுதலும் அவ்விதிகளில் விலக்கப்பட்டிருந்தன. ஆயின், விலக்கை மீறியவனுக்குத் தண்டம் எதுவும் கூறப்படவில்லை. உயர்குடிப் பாடசாலைகளிற் பயின்றோர் ஆடிய ஆட்டமல்லவா! கனவான் விதியை மீறான் என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபு நெடுநாள் நிலைக்கவில்லை. 1872 இல், பந்தைக் கையாள்வதற்குத் தண்டமாகச் சுயாதீன உதை எதிரணிக்கு வழங்கப்பட்டது. 1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் அங்கீகரிக்கப்பட்டபின் வெற்றியின் பெறுமதியும் வேறாயிற்று. அயர்லாந்தின் மில்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த கோல் காப்பாளர் வில்லியம் மக்கிறம் முன்மொழிந்த தண்ட உதை 1891 இல் விதியாயிற்று. தாம் வேண்டுமென்றே தவறிழைப்போரெனக் கருதப்படுவதா என ஆங்கிலக் கனவான்கள் சிலர் சினந்தனர். அவர்தம் சினத்தில் நேர்மை இருந்தது. எனினும், இடறி வீழ்த்தப்பட்டவனுக்கு அதனால் ஆறுதல் ஏதுமில்லை. அதுவரை எல்லைக்கு வெளியே நின்ற மத்தியஸ்தரும் அவ்வாண்டிலேயே மைதானத்துள் வந்தார். குறித்த சில தவறுகளுக்கான சுயாதீன உதையால் நேரே கோல் பெறுதற்கு 1903 இலேயே இடமளிக்கப்பட்டது.