யேல் கட்டாத யேல்

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய முன்னாள் சட்டக் கல்லூரி வளாகத்தில் ஊசிக்கோபுரம்போல ஒரு பழைய கல்லறை நிற்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிக்கும் டேவிட் யேல் என்ற குழந்தைக்கும் எழுப்பியது. ஹின்மர்ஸின் விதவை கேதரினை 1680 நவம்பரில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் மணந்தவர் எலிஹு யேல். அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அதுதான். டேவிட் அவர்களின் ஒரே மகன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் மெட்ராஸ் கவர்னர் என்று நம் ஊரில் பெருமையோடு சொல்வதுண்டு. உண்மை அதுவல்ல. கனெக்டிகட் காலனியின் சட்டசபை 1701லேயே அந்தக் கல்விக்கூடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது, பொறுப்பேற்றவர்கள் பாதிரியார்கள். அவர்கள் ஆளுக்குச் சில புத்தகங்களை மேசைமேல் வைத்துக் கல்லூரியைத் தொடங்கியதாக ஓர் அழகான கதையும் உண்டு. அதுவும் 1766ல் தாமஸ் கிளாப் எழுதிய வரலாற்றால் பரவியது; அறுபது ஆண்டுக்குமேல் பிந்திய சாட்சியம்.

எலிஹு பிறந்தது பாஸ்டனில், 1649ல். சிறுபிள்ளையாகக் கடல் கடந்தவர் திரும்பி வரவேயில்லை. தன் பெயர் தாங்கிய கல்லூரியை அவர் கண்ணால் கண்டதில்லை. 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னர். சொந்த வியாபாரத்தில், குறிப்பாக வைரத்தில், பெரும்பொருள் சேர்த்தார். முறைகேட்டுப் புகார்களால் பதவி பறிபோனது.

1718ல் நியூ ஹேவனில் அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, கையில் பணமில்லை. பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் லண்டனில் இருந்த யேலுக்குக் கடிதம் போட்டார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால், மக்கட்பேற்றைவிட, எகிப்தியப் பிரமிடைவிட அது மேலாக நிலைக்கும் என்று ஆசை காட்டினார். மகனை மெட்ராஸில் புதைத்தவரிடம் சொன்ன வார்த்தை இது! வந்து சேர்ந்தவை ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம். மஸ்லினும் காலிகோவும் பட்டும் இருந்த அந்தப் பொதிகளை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. அவருடைய செல்வத்துக்கு இது சில்லறை. தவித்த கல்லூரிக்கோ தக்க சமயத்து உதவி. பெயர் நிலைத்துவிட்டது.

அவர் அடிமை வியாபாரத்தை நிறுத்திய உத்தமர் என்றும் சொல்வார்கள். இதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். 1680களின் பஞ்சத்தில் பட்டினி கிடந்த நம் மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றும் தொழில் மெட்ராஸ் துறைமுகத்தில் பெருகியது. கோட்டைக் கவுன்சில் தலைக்கு இவ்வளவு என்று சுங்கமும் வசூலித்தது. 1688ல் வந்த தடைக்குக் காரணம் கருணையல்ல. கோல்கொண்டா முகலாயர் கைக்குப் போயிருந்தது; அவர்களுடைய அதிருப்தியைக் கும்பினி சம்பாதிக்க விரும்பவில்லை. அந்தக் கவுன்சிலின் தலைமை நாற்காலியில் இருந்தவர் யேல்.

கழுத்தில் உலோக வளையம் பூட்டிய சிறுவன் பக்கத்தில் நிற்க, யேல் அமர்ந்திருக்கும் ஓவியம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2020ல் அதைச் சுவரிலிருந்து இறக்கி ஆராய்ந்தார்கள். பிறகு விளக்கத்தோடு மறுபடி மாட்டினார்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது.