நரம்பைத் தாக்கும் நஞ்சு: நீலகிரித் தோட்டங்களில் பூச்சிக்கொல்லியைச் சுமப்போர்

2023 செப்டம்பரில் நீலகிரி மாவட்டம் அவலாஞ்சி அணைக்கு அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. பக்கத்திலேயே ஒரு மாட்டின் சடலமும் கிடந்தது. தன் மாட்டைப் புலி கொன்றதால் ஆத்திரமுற்ற உரிமையாளர் அச்சடலத்தில் பூச்சிக்கொல்லியைக் கலந்திருந்தார் என்பது வனத்துறை விசாரணையில் தெரியவந்தது. அவர் கைது செய்யப்பட்டார். புலிகளின் மரணம் நாடெங்கும் செய்தியாயிற்று, ஆகவேண்டியதுதான். ஆயினும் அச்செய்தியின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. முட்டைக்கோசுப் புழுவையும் தேயிலைக் கொசுவையும் கொல்வதற்காக விற்கப்படும் ஒரு பொருள் புலியை எவ்வாறு கொன்றது? அதே பொருளை ஆண்டு முழுவதும் முதுகில் சுமந்து தெளிப்பவரின் உடலில் அது என்ன செய்கிறது?

நம் மொழி இதில் நமக்கு உதவுவதில்லை. பயிருக்கு நஞ்சு தெளிப்பதை 'மருந்து அடிப்பது' என்கிறோம். அதைக் குடித்து உயிர் விட்டவரையும் 'மருந்து குடித்துவிட்டார்' என்றே சொல்கிறோம். அது எவ்வகை நஞ்சு என்பது இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

இன்று புழங்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பான்மை நரம்பு நஞ்சுகளே. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அதைக் கடந்து செய்தியைக் கொண்டு செல்வது வேதிப்பொருள் என்பதை 1921-இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். அப்பொருள் அசிட்டைல்கோலின். பூச்சியின் மூளைக்குள் செய்தி செல்வது பெரிதும் இதனால்தான். நம் உடலில் தசைகளை அசைப்பதும், கண்மணியைச் சுருக்குவதும், இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதும், எச்சிலையும் வியர்வையையும் சுரக்கச் செய்வதும் இதுவே. செய்தி சேர்ந்தவுடன் அதை அழித்துவிட வேண்டும். இல்லையேல் நரம்பு ஓயாது தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அழிக்கும் வேலையைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி.

மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் முதலிய கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் இந்த நொதியைப் பற்றி முடக்குகின்றன. கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் அதையே செய்கின்றன. ஆனால் அவற்றின் பிடி சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பாஸ்பரஸ் நஞ்சின் பிடி நாளாக ஆக இறுகும். உடல் புதிய நொதியை உண்டாக்கினாலன்றி விடுதலையில்லை. பூச்சி துடித்துச் சாகிறது. மனிதருக்கோ எச்சில் வழிகிறது, கண் மங்குகிறது, வயிறு பிசைகிறது, நுரையீரலில் நீர் சுரக்கிறது, இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. புலிக்கும் வேறு வழியில்லை. இந்தக் குடும்பத்தின் பிறப்பையும் நினைவில் வைப்பது நல்லது. 1936-இல் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்டு ஷ்ராடர் புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடியபோதுதான் 'டபுன்' என்னும் போர் நச்சு வாயு கண்டறியப்பட்டது.

பிற வகைகள் வேறு இடங்களில் தாக்குகின்றன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைபென்த்ரின் ஆகிய பைரித்ராய்டுகள் நரம்பணுச் சவ்விலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்து வைக்கின்றன. பாலூட்டிகளின் உடல் இவற்றை விரைவாகச் சிதைத்துவிடும். மீனால் அவ்வாறு இயலாது. குளிரில் இவற்றின் வீரியம் கூடும் என்பதும், மலைச்சரிவில் தெளிப்பது மழையோடு ஓடைக்கு வந்துவிடும் என்பதும் நீலகிரிக்குப் பொருந்தும் செய்திகள். தெளித்தவரின் முகத்தில் மாலைவரை நீடிக்கும் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் ஒவ்வாமை அல்ல. தோலிலுள்ள நரம்பு நுனிகள் தாக்கப்பட்டதன் அடையாளம். தயாமீத்தாக்சம், இமிடாகுளோபிரிட் போன்றவை அசிட்டைல்கோலினின் ஏற்பிகளில் தாமே சென்று அமர்கின்றன. பூச்சியின் ஏற்பியோடு இவை கொள்ளும் பிணைப்பு நம்முடையதைவிடப் பன்மடங்கு வலியது. எனவே மனிதருக்கு ஆபத்து குறைவு. தேனீக்கோ வழி மறக்கிறது, கூடு திரும்ப முடிவதில்லை. இந்த இரண்டையும் குளோதியானிடினையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.

எண்டோசல்பான் நரம்பின் தடுப்பு முறையையே, அதாவது 'காபா' என்னும் அடக்கும் செய்தியையே, துண்டித்தது, விளைவு வலிப்பு. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அதை வானிலிருந்து தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது 2011-இல். பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது 2017-இல். இந்தக் கால இடைவெளியில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள்.

உடனடி நஞ்சேற்றத்தை எல்லோரும் அறிவர். நாம் வற்புறுத்த விரும்புவது சிறுகச் சிறுகச் சேரும் இழப்பை. பாஸ்பரஸ் நஞ்சால் முடங்கிய இரத்தச் சிவப்பணு நொதி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு என்ற அளவில்தான் மீள்கிறது. திங்களன்று தெளித்தவர் வியாழனன்று மீண்டும் தெளித்தால் முந்தைய இழப்பின் மேல் புதிய இழப்பு ஏறுகிறது. நொதியில் பாதி போகும்வரை வெளிப்படையான அறிகுறி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். தலைவலி, தளர்ச்சி, தூக்கமின்மை எல்லாம் உழைப்பின் களைப்பாகவே எண்ணப்படும். மேலும் இந்நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஆகவே ஒருவருக்கு இழப்பு நேர்ந்தது என்று காட்ட, தெளிக்கத் தொடங்குமுன் எடுத்த இரத்தப் பரிசோதனை கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1974 முதல் இதைச் செய்கிறது. சிவப்பணு நொதி தொடக்க அளவிலிருந்து 30 விழுக்காடு குறைந்தால் அத்தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். நோய் வந்தபின் அன்று, வருமுன்.

நீலகிரியில் இப்பரிசோதனை யாருக்குத் தேவை? 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பல குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டன. 'டான்டீ' எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே எழுந்தன. அவர்களின் முன்னோரில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர் சமூகங்களிலிருந்து கூலிகளாகக் கடல் கடந்தவர்கள். மூன்று தலைமுறை கழிந்தும் கூடையும் தெளிப்பானும் பெரும்பாலும் அதே தோள்களில்தான் இருக்கின்றன. தெளித்தவரின் சட்டையை லைன் வீட்டில் துவைக்கும் பெண்ணுக்கும் நஞ்சு தோல்வழியே சேர்கிறது. அவர் எந்தப் பதிவேட்டிலும் 'தெளிப்பவர்' அல்லர். கருவில் குளோர்பைரிபாஸுக்கு உள்ளான குழந்தைகளின் அறிவுத்திறன் அளவுகள் குறைந்திருந்ததை 2011-இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்று காட்டியது. அந்தத் தாய்மார்கள் கறுப்பினத்தவரும் டொமினிக்கன் மக்களும் ஆவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-இல் சேர்க்கப்பட்ட 18-அ பிரிவு, நஞ்சைக் கையாளும் தொழிலாளருக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்குமிடம், காலமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. அவர்களின் உடல்நலப் பதிவேட்டைப் பேண வேண்டும். தொழிலாளி அதைப் பார்க்கவும் உரிமை உண்டு. பழைய சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் நஞ்சு பற்றிய கடமைகள் இடம்பெறுகின்றன. ஆனால் அந்தப் பழைய சட்டத்தில் எல்லைக்கோடு ஒன்று இருந்தது. ஐந்து எக்டருக்குக் குறையாத பரப்பும் பதினைந்து தொழிலாளரும் இருந்தால்தான் ஓர் இடம் 'தோட்டம்' எனக் கொள்ளப்பட்டது. நீலகிரியின் ஆயிரக்கணக்கான சிறு தேயிலைத் தோட்டங்கள் அதற்குக் கீழே நின்றன. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலம் அப்பட்டியலிலேயே இருக்கவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறி நிலத்தில் நாள்கூலிக்குத் தெளித்தவருக்கு 18-அ பிரிவு பொருந்தவில்லை.

மறுபுறம், தேநீர் அருந்துவோருக்கான பாதுகாப்பு விரைந்து வளர்ந்திருக்கிறது. தெளித்த நாளுக்கும் கொழுந்து பறிக்கும் நாளுக்கும் இடைவெளி, எஞ்சிய நச்சின் வரம்பு, தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் உண்டு. 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு 49 தேயிலை மாதிரிகளைச் சோதித்து 46-இல் எச்சங்களைக் கண்டபோது எழுந்த விவாதமும் கோப்பையைப் பற்றியதே. எச்சம் கோப்பையைச் சேருமுன் முழு வீரியத்தோடு யார் மேல் பட்டது என்று அன்று கேட்டவர்கள் குறைவு. மானோகுரோட்டோபாஸும், செஞ்சிலந்திக்குத் தெளிக்கப்பட்டுவந்த டைக்கோபாலும் 2023-இல் ஒன்றிய அரசால் தடை செய்யப்பட்டன. தடைக்கு முன் அவற்றைப் பல ஆண்டுகள் தெளித்தவர்களை யாரேனும் பரிசோதிக்க வேண்டும்.

களத்தில் பணியாற்றுவோருக்கு இரண்டு செய்திகள். முதலாவது, பாஸ்பரஸ் நஞ்சு ஏறியவர் முதல் நாளில் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும். இந்த இடைநிலை நோய்க்குறியை 1987-இல் உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரலியத்தவும். எனவே விரைவில் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கலாகாது. இரண்டாவது, அட்ரோபின் பாஸ்பரஸ், கார்பமேட் நஞ்சுகளுக்கு உயிர்காக்கும். பைரித்ராய்டுக்கு அது முறிவு அல்ல. 'மருந்து பட்டுவிட்டது' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. காலிப் புட்டியையோ, வேதிப்பெயர் தெரியும்படி எடுத்த அதன் படத்தையோ உடன் கொண்டு செல்ல வேண்டும். புட்டி மேலாளரின் கிடங்கில் இருந்தால், தெளிக்கப் போகும் காலையிலேயே பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.