27,000 கடிதங்களும் ஒரு கணித மேதையும்

கிளியோபாட்ரா ஜூலியஸ் சீசருக்கு எழுதிய கடிதம். மகதலேனா மரியாள் லாசருக்கு எழுதியது. மகா அலெக்சாண்டர் தன் ஆசான் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியது. எல்லாமே பிரெஞ்சு மொழியில், எல்லாமே காகிதத்தில். கிளியோபாட்ரா காலத்தில் பிரெஞ்சு என்றொரு மொழியே கிடையாது. ஐரோப்பா காகிதத்தைக் கண்ணால் பார்க்க இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருந்தது.

இதையெல்லாம் ஒருத்தர் காசு கொடுத்து வாங்கினார் என்றால் நாம் என்ன நினைப்போம்? யாரோ படிக்காத பணக்காரர், பாவம்னு நினைப்போம். வாங்கியவர் மிஷேல் ஷால். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த வடிவியல் அறிஞர்களில் ஒருவர். பாரிஸ் அறிவியல் அகாதமியின் உறுப்பினர். 1865இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 1837இல் அவர் எழுதிய புத்தகம் வடிவியலின் வரலாற்றைப் பற்றியது. அதாவது, பழைய ஏடுகளோடு புழங்கிப் பழகிய மனிதர்.

அவருடைய கூர்மைக்கு ஓர் உதாரணம். ஐந்து கூம்பு வளைவுகள் இருக்கின்றன. ஐந்தையும் தொட்டுச் செல்லும் வேறு கூம்பு வளைவுகள் எத்தனை இருக்க முடியும்? ஸ்டைனர் என்ற பெரிய கணித அறிஞர் 7776 என்று சொல்லியிருந்தார். அது தப்பு, சரியான விடை 3264 என்று 1864இல் காட்டியவர் ஷால். அடுத்தவர் கணக்கில் இருந்த பிழையைப் பிடித்த அதே வருஷங்களில், அவர் வீட்டு அலமாரியில் போலிக் கடிதங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

விற்றவர் பெயர் டெனி வ்ரேன்-லூக்கா. கூலி வேலை செய்தவரின் மகன், வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பாரிஸுக்கு வந்து நூலகத்தில் வேலை கேட்டார். பட்டம் இல்லை, லத்தீன் தெரியாது, அதனால் வேலையும் இல்லை. பிறகு, வம்சாவளி தயாரித்துக் கொடுக்கும் ஒரு கடையில் சேர்ந்தார். பரம்பரைப் பெருமை வேண்டும் என்கிறவர்களுக்கு வேண்டிய ஆவணங்களைச் ‘செய்து’ கொடுக்கும் தொழிலை அங்கேதான் கற்றுக்கொண்டார் என்கிறார்கள். பழைய புத்தகங்களின் எழுதாத தாள்களைக் கிழித்தெடுப்பார். மையைத் தானே காய்ச்சுவார். பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து வரலாறு படிப்பார்.

1861இல் இருவரும் சந்திக்கிறார்கள். இருவரும் ஒரே வட்டாரத்து ஆட்கள், ஷார்த்ர் பக்கம். லூக்கா ஒரு கதை வைத்திருந்தார்: பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒரு பிரபு தன் சேகரிப்போடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், கப்பல் கவிழ்ந்தது, தப்பிய பெட்டிகளை வைத்திருப்பவர் இப்போது பணமுடையில் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார். தாள்கள் நனைந்து கறைபட்டிருப்பதற்கும் இதிலேயே காரணம் வந்துவிடுகிறது, பாருங்கள். எட்டு வருஷத்தில் ஷால் வாங்கியவை 27,000 கடிதங்களுக்கு மேல். சராசரி போட்டால் நாளுக்கு ஒன்பது. கொடுத்த பணம் 1,40,000 பிராங்குகளுக்கு மேல்.

அவர் அவற்றைப் பூட்டி வைத்து ரசித்துக்கொண்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்காது. 1867இல் பாஸ்கல் எழுதியதாகச் சில கடிதங்களை அகாதமியின் முன் வைத்தார். ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்னாடியே பாஸ்கல் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவற்றின் சாரம். இங்கிலாந்தின் பெருமை பிரான்ஸுக்கு வந்துவிட்டது. அவையில் பலருக்குக் கேட்கவே இனிப்பாக இருந்தது.

எதிர்ப்பும் உடனே வந்தது. பாஸ்கலின் எழுத்துகளைப் பதிப்பித்த ஃபோஜேர், இது பாஸ்கல் கையெழுத்தே இல்லை என்றார். பாஸ்கல் இறந்தது 1662இல், அப்போது நியூட்டனுக்கு வயது 19. கடிதங்களின் தேதிப்படி பார்த்தால் அவர் பள்ளிக்கூடத்துப் பையன். கிளாஸ்கோவின் வானியலாளர் ராபர்ட் கிராண்ட் இன்னும் பலமாக அடித்தார்: பாஸ்கல் எழுதியதாகச் சொல்லும் கோள்களின் நிறைக் கணக்குகள், நியூட்டனுடைய ‘பிரின்சிபியா’வின் 1726ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்பில் உள்ளவை.

ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஷாலிடம் பதில் இருந்தது. எப்படி? அவர் வீட்டுக்குப் போவார், லூக்காவிடம் புலம்புவார், சில நாளில் அந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்கிற புதுக் கடிதம் ஒன்று ‘கிடைத்துவிடும்’. நியூட்டன் சின்னப் பையனா? சிறுவயதிலேயே மேதை என்று காட்ட ஒரு கடிதம். கலிலியோ கடைசிக் காலத்தில் பார்வை இழந்தவராயிற்றே, எப்படி எழுதினார்? முழுக்கப் பார்வை போகவில்லை என்று காட்ட இன்னொரு கடிதம். கேள்வி கேட்டவுடனே விடை வந்து நிற்பது சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய விஷயம். ஷாலுக்கோ அது நம்பிக்கையை வளர்த்தது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டு வருஷம்தான், 1867லிருந்து 1869 வரை. முதல் கடிதத்தில் ஏமாந்தது சாதாரணம், யாரும் ஏமாறலாம். ஆனால் சேகரிப்பவருக்கு ஒரு பொருளின் விலை வாங்கிய நாளோடு முடிவதில்லை. நாலு பேரிடம் காட்டுகிறார், அதற்காக வாதாடுகிறார், நண்பர்களைப் பகைக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு தவணை. அந்தப் பொருள் போலி என்று ஒத்துக்கொண்டால் பணம் மட்டுமா போகிறது? கட்டிய அத்தனை தவணையும் போகிறது. அதனால் ஆதாரம் கூடக்கூடப் பிடிவாதமும் கூடுகிறது.

முடிவும் விசித்திரம்தான். லூக்கா தருவதாகச் சொன்ன மேலும் 3,000 கடிதங்கள் வரவில்லை. ஆள் அவற்றோடு வெளிநாட்டுக்கு ஓடிவிடுவானோ என்று பயந்த ஷால் போலீஸை நாடினார். போலிகளை விற்றான் என்பது அவர் புகார் இல்லை, ‘அசல்களை’க் கொடுக்கவில்லை என்பதுதான்! 1869 செப்டம்பரில் போலீஸ் லூக்காவைப் பிடித்தபோது எல்லாம் உடைந்தது. 1870 பிப்ரவரியில் அவருக்கு இரண்டு வருஷச் சிறை, 500 பிராங்கு அபராதம். தேசப்பற்றோடுதான் செய்தேன் என்று அவர் வாதாடிப் பார்த்தார்.

இதற்கு அப்புறம் ஷால் என்ன செய்தார்? அதே அகாதமிக்குப் போய், அதே சகாக்கள் முன்னால், ஏமாற்றப்பட்டேன் என்று சொன்னார். கோர்ட்டில் கிளியோபாட்ராவையும் லாசரையும் வாசிக்க வாசிக்கக் கூட்டம் சிரித்தது; அங்கேயும் சாட்சி சொன்னார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. அதே 1870இல் வடிவியலின் வளர்ச்சி பற்றிய அவருடைய பெரிய அறிக்கையும் வெளிவந்தது. 1880இல் இறக்கும்வரை அகாதமியில்தான் இருந்தார்.

இன்னொரு விதமாகவும் நடக்கலாம். வான் பெனிங்கன் என்ற டச்சுத் தொழிலதிபர் 1941இல் ‘கடைசி இரவு விருந்து’ ஓவியத்தை வெர்மீர் வரைந்தது என்று நம்பிப் பெரும் விலைக்கு வாங்கினார். போர் முடிந்ததும் அதை நான்தான் வரைந்தேன் என்று ஹான் வான் மேகரன் ஒப்புக்கொண்டார். 1947இல் தண்டனையும் பெற்றார். வான் பெனிங்கனோ ஒத்துக்கொள்ளவே இல்லை. போலி என்று ஆராய்ந்து சொன்ன பால் கோரமன்ஸ் மேலேயே வழக்குப் போட்டார். வழக்கு விசாரணைக்கு வரும் முன் 1955இல் இறந்துபோனார். தீர்ப்பு கோரமன்ஸ் பக்கம் வந்தது.

இருவருமே அறிவாளிகள்தான், ரசனை உள்ளவர்கள்தான். போலியை வாங்கியதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் அவமானத்தை ஒரே தடவையில் மொத்தமாகக் கட்டித் தீர்த்தார். இன்னொருவர் கடைசிவரை வட்டி கட்டினார். ஷாலின் பெயர் இன்று கணித மாணவர்களுக்கு நினைவிருப்பது கிளியோபாட்ராவால் அல்ல, 3264 என்ற அந்த எண்ணால்தான்.