எழுவர் ஏறிய உயரம்: 1995 ஆய்வு ஒன்றின் மறுவாசிப்பு

பதற்றக் கோளாறுகளுக்கான மெய்நிகர் சிகிச்சையைப் பற்றி எழுதுவோர், ராத்பாம், ஹாட்ஜஸ் குழுவினர் 1995-இல் வெளியிட்ட உயர அச்ச ஆய்வில் தொடங்குவது வழக்கம். கணினி கட்டிய உயரமே அச்சத்தைத் தணித்தது என்பதற்கு அதை முதற்சான்றாகக் காட்டுவார்கள். அச்சம் தணிந்ததை நான் மறுக்கவில்லை; தணித்தது எது என்பதில்தான் வேறுபடுகிறேன்.

உயர அச்சம் கொண்ட 20 கல்லூரி மாணவர்களில் 12 பேர் சிகிச்சைக்கும் 8 பேர் காத்திருப்புப் பட்டியலுக்கும் வாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். சிகிச்சை பெற்றவர்கள் தலையில் அணிந்த திரைவழியே நடைபாலம், மாடி முகப்பு, 49 தளம் ஏறும் கண்ணாடி மின்தூக்கி என உயரங்களைப் படிப்படியாக எதிர்கொண்டனர். சிகிச்சையை நிறைவு செய்த 10 பேரில் 7 பேர், அப்படிச் செய்யுமாறு பணிக்கப்படாமலே, சிகிச்சைக் காலத்திலேயே உண்மையான உயரங்களுக்கும் சென்றனர்.

இந்தச் செய்தியைச் சிகிச்சையின் உபரிப் பலனாகவே முந்தைய வாசிப்பு கொள்கிறது: திரையில் குறைந்த அச்சம் தெருவிலும் குறைந்தது. ஆனால் எழுவர் சென்றார்கள் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அச்சம் தணிந்ததால் சென்றார்களா, சென்றதால் தணிந்ததா என்பதை அது சொல்லவில்லை. காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டாலும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இறுதியில் அளந்தது திரையின் பலனை மட்டுமன்று. திரையும் தெருவும் கலந்த ஒன்றை. விளைவு என எண்ணியது காரணத்தின் ஒரு பாதியாகவும் இருந்திருக்கலாம்.

இருந்தது என்றே நான் கருதுகிறேன். 'விழுந்துவிடுவேன்' என்று நடுங்குபவருக்குத் தம் கால் ஆய்வுக்கூடத் தரையில் இருப்பது தெரியும். அந்த எண்ணம் முழுமையாகப் பொய்ப்பது உண்மையான மாடியில்தான். 2004-இல் கிரைன் குழுவினர் கண்டதும் இதற்கு இசைகிறது. சுற்றுச்சுவர்களே திரையான அறை, தலைத்திரையைவிட 'அங்கேயே இருக்கும்' உணர்வைக் கூடுதலாகத் தந்தது. சிகிச்சைப் பலனில் வேறுபாடு தெரியவில்லை. தோற்றத்தின் மெய்ம்மையே மருந்தென்றால், அது கூடியபோது பலனும் கூடியிருக்க வேண்டாமா?

எம்மெல்காம்ப் குழுவினர் 2002-இல் உண்மையான இடங்களையும் அவற்றின் மெய்நிகர் படிகளையும் ஒப்பிட்டு, இரண்டும் சமபலன் தந்ததாகக் காட்டினர் என்பார்கள். சேர்ந்த இடம் ஒன்றானதால் சென்ற வழியும் ஒன்றாகிவிடாது. பத்துப் பேரை வைத்து வாதிடலாமா என்ற கேள்வி பழையது. அது என் வாசிப்பைச் சாய்த்தால் வழக்கமான வாசிப்பையும் சேர்த்தே சாய்க்கும்.

சிலந்தி அச்சத்துக்கான கலப்பு மெய்ம்மைச் சிகிச்சையில், ஹாஃப்மன் குழுவினர் திரையில் சிலந்தியைக் காட்டிக்கொண்டே கையில் பொம்மைச் சிலந்தியைத் தொடவைத்தனர். தொடுபொருளின் துணையைத் திரை அங்கே வெளிப்படையாகவே நாடியது. 2018-இல் ஃப்ரீமன் குழுவினர் 100 பேரிடம் நடத்திய உயர அச்ச ஆய்வில், சிகிச்சையாளரின் இடத்தில் மெய்நிகர் பயிற்றுநர் நின்றார். அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களை விசாரிக்க ஆளில்லாத சிகிச்சையில், அந்த நாட்களின் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. அமர்வுதோறும் அச்ச அளவைக் குறிப்பவர்கள், நோயாளி எந்த நாளில் எந்த மாடிக்குப் போனார் என்பதையும் அதன் அருகிலேயே குறிக்கட்டும். எது முந்தியது என்பதை அந்த இரு வரிசைகளும் சொல்லிவிடும்.