பக்கச் சுவரில் எழுதப்படாதது: இந்தியாவில் சாலை டயரும் பந்தய டயரும் பிரிந்த கதை

பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்சக்கர டயரில் 180/55 இசட்ஆர் 17, 73 டபிள்யூ என்று பொறிக்கப்பட்டிருக்கும். இதை ஒரு கல்வெட்டைப் போல அடுக்கடுக்காக வாசிக்கலாம். 180 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. 17 என்பது சக்கரத்தின் விட்டம். இது மட்டும் இன்னும் அங்குலத்தில் நிற்கிறது. இசட் என்பது மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தையும், ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பையும் சுட்டுகின்றன. 73 என்பது எடைக் குறியீடு: 365 கிலோகிராம். இறுதியில் நிற்கும் டபிள்யூ என்பது 270 கிலோமீட்டர் வேக வரம்பு. ஒரே வரியில் பிரிட்டனின் அங்குலமும் ஐரோப்பாவின் மில்லிமீட்டரும் அருகருகே குடியிருப்பது, எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னும் தப்பிப் பிழைத்த பழைய வரிவடிவங்களை நினைவூட்டுகிறது.

இத்தனை சொல்லும் அந்த வரி ஒன்றை மட்டும் சொல்வதில்லை. இந்த ரப்பர் எந்த வெப்பநிலையில் தரையைப் பிடிக்கும்? சாலைக்கும் பந்தயத் தடத்திற்கும் டயர் தேர்ந்தெடுப்பவருக்கு முதன்மையாகத் தெரிய வேண்டியது அதுதான். அகலம், வேகக் குறி, வரிப்பள்ளங்களின் அழகு ஆகியவற்றை ஒப்பிட்டு டயர் வாங்கும் பழக்கம் இந்தியாவில் இன்றும் வலுவாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

தொடக்கத்தில் இரு டயர்களும் ஒன்றாகவே இருந்தன. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபோதும், அதன் பின் வந்த முக்கால் நூற்றாண்டிலும், பந்தய வீரரின் டயரும் அஞ்சல்காரரின் டயரும் அடிப்படையில் ஒரே பொருள்தான். இந்த ஒற்றுமையின் கடைசிப் பெரும் சான்று 1969இல் மான் தீவில் கிடைத்தது. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தீவின் பந்தயத் தடம் உண்மையில் பொதுச் சாலையே. அங்கு மால்கம் அப்ஹில் என்ற வீரர் கடையில் விற்கும் வகையைச் சேர்ந்த டிரையம்ப் போனவில் வண்டியில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைல் சராசரிக்கு மேல் முடித்தார். அவர் வண்டியில் இருந்தவை டன்லப் நிறுவனத்தின் கே81 என்ற சாலை டயர்கள். அந்தச் சாதனைக்குப் பின் அவற்றுக்கு டிடி100 என்று பெயர் சூட்டப்பட்டது. பந்தயத்தில் வென்ற அதே டயரை எவரும் வாங்கி வேலைக்கு ஓட்டிச் செல்லலாம் என்பதே அப்பெயரின் விளம்பரப் பொருள். அன்று அது பொய்யுமல்ல.

சில ஆண்டுகளிலேயே அது பொய்யாயிற்று. 1970களின் நடுவில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு வரிப்பள்ளமே இல்லாத ஸ்லிக் டயர்கள் வந்தன. வரிப்பள்ளத்தின் வேலை நீரை வெளியேற்றுவது. உலர்ந்த தரையில் அதனால் பயனில்லை. பள்ளங்களை நீக்கினால் தரையைத் தொடும் ரப்பர் கூடுகிறது. தனித்தனிக் கட்டிகளாக நெளிந்து சூடேறி உதிர்வதும் நிற்கிறது. அதனால் முன்னைவிட மென்மையான கலவையைப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் எந்திரங்கள் டயர்களைவிட வேகமாக வளர்ந்தன. 1975இல் அமெரிக்காவின் டேடோனா தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் பின் டயர் செயலிழந்ததால் பாரி ஷீன் தூக்கி வீசப்பட்டார். தொடை எலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. மறு ஆண்டே அவர் 500 சிசி உலகப் பட்டத்தை வென்றது வேறு கதை. டயரின் உடற்கூடு வேகத்தையும் வெப்பத்தையும் தாங்குமா என்ற கேள்வியைப் பந்தய உலகம் அதன் பின் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

அக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று ரேடியல். மிஷெலின் 1946லேயே காருக்காகக் காப்புரிமை பெற்ற இக்கட்டமைப்பு, சாய்ந்து திரும்பும் இருசக்கர வண்டிக்கு ஏற்றதாக மாற 1980களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பழைய டயரில் இழை அடுக்குகள் மூலைவிட்டமாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுக் கிடக்கும். டயர் நெளியும்போது அவை ஒன்றையொன்று உரசிச் சூடேறும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. உரசல் குறைகிறது, வெப்பம் குறைகிறது. அகலமான, தாழ்வான டயர் சாத்தியமாகிறது.

இந்தியாவில் இந்தக் காலவரிசை அப்படியே பொருந்தாது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி மாவட்டத்துச் சஹாகஞ்சில் டன்லப் ஆலை 1936இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் கூடமாகப் பிறந்த எம்ஆர்எஃப் 1960களின் தொடக்கத்தில் டயர் உற்பத்திக்கு வந்தது. ஆலைகள் இருந்தும் இந்திய இருசக்கர டயரின் மொழி வேகத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100 வண்டியின் பின் டயர் அளவு 2.75-18, அதனோடு சேர்த்து எழுதப்பட்டது வேக எழுத்தன்று, 6 பிஆர் என்ற அடுக்கு மதிப்பு. அது எத்தனை எடை தாங்கும் என்பதன் குறி. குழிகள் நிறைந்த சாலையில் கணவன், மனைவி, குழந்தை, அரிசி மூட்டை என அனைத்தையும் சுமக்கும் வண்டிக்கு அதுவே நியாயமான கேள்வி. நைலோகிரிப் என்ற புகழ்பெற்ற டயர்ப் பெயரிலும் இழையின் உறுதியே ஒலிக்கிறது. டிடி100 பந்தயத்தைப் பெயராக்கியது. நைலோகிரிப் நைலானைப் பெயராக்கியது. இரு சந்தைகளின் கவலைகளும் இப்பெயர்களிலேயே படிந்துள்ளன.

இந்தியாவில் பந்தயம் இல்லாமலில்லை. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் வண்டிகள் பாய்ந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. எனினும் அவை பெரும்பாலும் சிறிய எந்திரங்களின் களங்கள். வார இறுதியில் சொந்த வண்டியைத் தடத்துக்குக் கொண்டுவரும் தனிநபர் என்ற வாடிக்கையாளர் அன்று இல்லை. ஆகவே இருவகை டயர்களுக்கான சந்தையும் உருவாகவில்லை.

அந்த வாடிக்கையாளரை இரு நிகழ்வுகள் உருவாக்கின. 2007இல் 800 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதிக்கு வழி திறந்தது. அமெரிக்காவுக்கு இந்திய மாம்பழம் செல்வதோடு இணைந்த பேச்சுவார்த்தை அது; ஹார்லிக்கு ஈடாக அல்போன்சா சென்றதை இந்திய வணிக வரலாற்றின் சுவையான பரிமாற்றம் எனலாம். அவ்வாண்டு டிசம்பரில் யமஹா ஆர்1 இந்தியக் கடைக்கு வந்தது. மறு ஆண்டு வந்த யமஹா எஃப்இசட்16 என்ற 150 சிசி வண்டியில் 140/60 ஆர்17 அளவுள்ள பின் ரேடியல் இருந்தது. அதன் குறி 63 பி: எடை 272 கிலோகிராம், வேகம் 150 கிலோமீட்டர். வண்டியின் திறனுக்கு அத்தனை அகலம் தேவையா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் அகலமான டயர் என்பது கௌரவத்தின் அளவுகோலாக மாறியது அப்போதுதான். பின்னர் 100/80 அளவுள்ள விளிம்பில் 140 டயரைத் திணித்து, அதன் வளைவைக் கெடுத்து, வண்டி மூலைகளில் தயங்குவதற்கு எந்திரத்தைக் குறைகூறும் வழக்கமும் பரவிற்று.

2011இல் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத்தா பன்னாட்டுத் தடம் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நேர்ப்பகுதி கொண்ட அத்தடத்தில்தான் தனிநபரின் பெரிய வண்டி முழு வேகத்தை எட்டியது. வெப்பநிலை என்ற எழுதப்படாத செய்தி கேள்வியானதும் அங்கேதான்.

ரப்பரின் பிடி இரு வழிகளில் பிறக்கிறது: தரையோடு மூலக்கூறு அளவில் ஒட்டுவது ஒன்று, தரையின் நுண்மேடுகளில் அழுந்திச் சற்றுத் தாமதமாகப் பழைய வடிவுக்குத் திரும்புவது மற்றொன்று. குளிர்ந்த ரப்பர் விறைத்து நிற்கிறது. இரண்டையும் சரியாகச் செய்வதில்லை. சாலை விளையாட்டு டயரின் கலவையில் சிலிக்கா சேர்க்கப்படுவது குளிரிலும் ஈரத்திலும் அது வேலை செய்வதற்காக. நெடுஞ்சாலையில் தேய்வது நடுப்பகுதி என்பதால் நடுவில் கடினக் கலவையும் சாயும்போது தரையைத் தொடும் ஓரங்களில் மென்மையான கலவையும் இடப்படுகின்றன. பந்தய ஸ்லிக் நேர்மாறானது. மின்போர்வை போன்ற டயர் வார்மரைச் சுற்றி சுமார் 80 டிகிரிக்குச் சூடேற்றிய பின்னரே அது தடத்துக்குள் நுழைகிறது. தொடர்ந்து வேகமாக ஓட்டப்பட்டால் மட்டுமே அந்த வெப்பம் நிலைக்கும்.

தில்லிப் பகுதியில் தடத்தில் ஓட்டுவதற்கு இதமான பருவம் குளிர்காலம். சனவரி விடியலில் அங்கு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். மென்மையான பந்தய டயரைப் பூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து விரைவுச்சாலை வழியாகத் தடத்திற்கு வருபவர், நாளின் பெரும் அபாயத்தைத் தடத்திற்கு வெளியிலேயே, முதல் சுற்றுச்சாலைத் திருப்பத்திலேயே சந்திக்கிறார். மென்மை என்றாலே பிடி என்ற நம்பிக்கை அங்கு அவரைக் கைவிடுகிறது. ஸ்லிக் எனில் சட்டமும் தடுக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர டயருக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம் கேட்கின்றன. சிக்கலானது இடைப்பட்ட வகை. பைரெல்லியின் சூப்பர்கோர்சா டயரில் எஸ்பி, எஸ்சி என இரு வடிவங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே போன்ற பள்ளங்கள்; கண்ணுக்கு இரண்டும் சாலை டயர்களே. முன்னது சாலைக்கும் தடத்துக்கும் இடையில் சமரசம் செய்தது. பின்னது வார்மரை எதிர்பார்க்கும் பந்தயக் கலவை. சாலைவகை வண்டிகளின் பந்தய விதிகள் சாலை டயரைக் கோருவதாலேயே அதில் பள்ளங்கள் எஞ்சியுள்ளன. டிடி100 காலத்து ஒற்றுமை இங்கு சடங்காக மட்டும் உயிர்வாழ்கிறது.

காற்றழுத்தத்தின் கதையும் இதுவே. பெரிய வண்டிக்குச் சாலையில் குளிர்ந்த நிலையில் முன் 36, பின் 42 பிஎஸ்ஐ என்பது பரவலான பரிந்துரை. தடத்தில் அதைக் குறைப்பர்; அளப்பதும் ஓடி முடித்த சூட்டில்தான். 2023 செப்டம்பரில் புத்தா தடத்தில் மோட்டோஜிபி நடந்தபோது முன் டயரில் குறைந்தது 1.88 பார், அதாவது ஏறத்தாழ 27 பிஎஸ்ஐ, இருக்க வேண்டும் என்ற விதி புதிதாக நடைமுறையில் இருந்தது. வெப்பத்தின் காரணமாக அப்பந்தயம் 24 சுற்றுகளிலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டது. மார்கோ பெசெக்கி வென்றார். அந்த வீரர்களுக்கு டயர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்பதும் நோக்கத்தக்கது. 2009 முதல் ஒரே நிறுவனமே அனைவருக்கும் டயர் வழங்குகிறது. தேர்வின் சுமை முழுவதும் வார இறுதி ஓட்டுநர் மீதே விழுகிறது.

இந்திய ஓட்டுநரின் தேர்வை அரசாணைகளும் வரையறுக்கின்றன. 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை இறக்குமதி டயருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் வழியைத் திறந்தது. 2020 சூன் 12 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் மோட்டார் சைக்கிள் டயர் உட்படப் பல வகை டயர்களின் இறக்குமதியைத் தடையற்ற நிலையிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மாற்றியது. இறக்குமதிக்கு உரிமம் தேவைப்பட்டது. உள்நாட்டு ஆலைகளுக்கு இது காப்பு. நடுத்தர வண்டிகளுக்கு இந்திய ரேடியல்கள் இன்று போதுமான அளவில் கிடைக்கின்றன. 150/60 அளவில் தேடுபவர் பெரிதாக இழப்பதில்லை. 180, 190 அளவுகளில் தேடுபவரின் நிலை வேறு. அவர் விரும்பியதை விடுத்துக் கிடைத்ததை வாங்குகிறார். சில வேளைகளில் பந்தயத்தில் பலமுறை சூடேறி ஆறி இறுகிய பழைய டயரை, பள்ளம் ஆழமாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறார்.

அவருக்கு உதவக்கூடிய இன்னொரு பொறிப்பு பக்கச் சுவரின் மறுபகுதியில், டாட் என்ற எழுத்துகளைத் தொடர்ந்து, நான்கு இலக்கங்களாக இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் அச்சிலிருந்து வந்தது. பணம் கொடுப்பதற்கு முன் அதை வாசிக்க ஒரு கைவிளக்கு போதும்.