இயற்கை மருத்துவமும் யோகாவும் நம் மாடிக்கு வந்த கதை



காலை ஆறு மணிக்கு நம் மொட்டை மாடியில் யோகா பாய் விரிப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். இன்னொரு பக்கம், நம் வாட்ஸ்அப் குழுவில் மண் பட்டி, வாழைத்தண்டுச் சாறு, உபவாசம் என்று வாரம் ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. "இனி மாத்திரையே வேண்டாம்" என்று முடியும் செய்திகளும் உண்டு. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், எதை எடுத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்பது தெளிவாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விவசாயி, ஒரு பாதிரியார்

இயற்கை மருத்துவம் என்றதும் பலருக்குச் சித்தர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் சித்த மருத்துவம் வேறு, இது வேறு. சித்தாவிலும் ஆயுர்வேதத்திலும் சூரணம், கஷாயம், லேகியம் எல்லாம் உண்டு. இயற்கை மருத்துவத்தில் மருந்தே கிடையாது. தண்ணீர், மண், வெயில், காற்று, உணவு, உபவாசம், ஓய்வு ஆகியவைதான் அதன் கருவிகள். இடுப்புக் குளியல், ஈரத்துணிப் பட்டி போன்ற முறைகள் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவை.

வின்சென்ஸ் பிரீஸ்நிட்ஸ் 1799-இல் பிறந்த விவசாயி. அவர் ஊரான கிரேஃபன்பெர்க் அன்று ஆஸ்திரியாவில் இருந்தது, இன்று செக் நாட்டில் இருக்கிறது. இளம் வயதில் வண்டி ஏறி அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. ஈரத்துணியைக் கட்டிக் கட்டித் தானே தேறினார். பிறகு அந்த மலைக் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். அடுத்து வந்தவர் செபாஸ்டியன் நைப். காசநோயால் அவதிப்பட்ட மாணவராக இருந்தபோது, 1849 குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் முங்கி எழுந்து உடல் தேறியதாகச் சொன்னவர். பின்னாளில் பாதிரியாரான இவர், தண்ணீர் சிகிச்சை பற்றி 1886-இல் எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

இந்த முறைக்கு அப்படி ஏன் கூட்டம் வந்தது? அந்தக் காலத்து மருத்துவர்கள் சர்வ சாதாரணமாக ரத்தத்தை வடித்தார்கள், பாதரசம் கொடுத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் ஈரத்துணியும் ஓய்வும் எளிய சாப்பாடும் கெடுதல் செய்யாதவை. அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

இந்த வழியில் வந்த இன்னொருவர், லைப்சிக் நகரத்து லூயி கூனே. இடுப்புக் குளியலைப் பிரபலமாக்கிய இவருடைய புத்தகம் 1894-இல் தெலுங்கில் வெளிவந்தது. இந்தியாவில் இயற்கை மருத்துவத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

மணிலாலின் காய்ச்சல்

கூனேயைப் படித்தவர்களில் காந்தியும் ஒருவர். 1902-இல் அவர் மும்பையில் இருந்தபோது, பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தது. நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். சைவ உணவில் உறுதியாக இருந்த காந்தி மறுத்தார். ஆனால் டாக்டரை விட்டுவிடவில்லை. வந்து நாடியையும் நெஞ்சையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மகனிடமும் சம்மதம் கேட்டார்.

இடுப்புக் குளியல் கொடுத்தார். தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு மட்டும் கொடுத்தார். காய்ச்சல் 104 டிகிரியில் நின்றது. ஒரு நாள் இரவு ஈரத்துணியால் மகனைச் சுற்றி, மேலே கம்பளி போர்த்திவிட்டு, மனம் தாங்காமல் சௌபாத்தி கடற்கரைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வேர்த்திருந்தது, காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. தன் வைத்தியம்தான் காப்பாற்றியது என்று காந்தி மார்தட்டிக்கொள்ளவில்லை. கடவுள் அருளா, தண்ணீர் வைத்தியமா, பத்தியமும் கவனிப்புமா, யாரால் சொல்ல முடியும் என்றுதான் சுயசரிதையில் எழுதினார். இரண்டாவது, 1902-இல் டைபாய்டுக்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை. அதைக் குணப்படுத்தும் ஆன்டிபயாடிக் வந்தது 1940-களின் பிற்பகுதியில்தான். இன்று உங்கள் பிள்ளைக்கு டைபாய்டு என்றால் நிலைமை முற்றிலும் வேறு.

புனேயும் உருளி காஞ்சனும்

1924 ஜனவரியில், எரவாடா சிறையில் இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி வந்தது. புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் மின்சாரம் போய்விட, லாந்தர் வெளிச்சத்தில் வேலை முடிந்தது. இயற்கை மருத்துவத்தை அவ்வளவு நேசித்தவரும் தேவைப்பட்டபோது கத்திக்குச் சம்மதித்தார்.

1945 நவம்பர் 18 அன்று, டாக்டர் தின்ஷா மேத்தாவின் புனே சிகிச்சை நிலையத்தில் இயற்கை மருத்துவ அறக்கட்டளை ஒன்றுக்குக் காந்தி தலைவரானார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் நகரத்து நிலையத்துக்கு ஏழைகள் வரமாட்டார்கள் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. 1946 மார்ச்சில் புனேக்கு அருகிலுள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போய், அங்கே ஆசிரமம் தொடங்கினார். காசில்லாதவருக்கும் கிடைக்கும் வைத்தியமே உண்மையான இயற்கை வைத்தியம் என்பது அவர் எண்ணம். புனே நிலையம் இருந்த இடத்தில் 1986 முதல் மத்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் நடக்கிறது.

எக்ஸ்ரே முன் யோகா

யோகா மிகப் பழையது. ஆனால் அது நோய்க்கான சிகிச்சையாக வளர்ந்தது பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுகளில்தான். 1918-இல் மும்பையில் யோகேந்திரா ஒரு யோகா நிலையம் தொடங்கினார். சுவாமி குவலயானந்தா, யோகப் பயிற்சியின்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆராய்ச்சி இதழும் வெளியிட்டார். நம்புங்கள் என்று சொல்லாமல், அளந்து பார்ப்போம் என்றார்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மைசூர் அரண்மனையில் 1930-களில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடம்தான் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் போன்றோர் பயின்றார்கள். பின்னர் அவர் சென்னையில் குடியேறி, 1989-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பது அவர் பாணி. வயது, உடல்நிலை, வேலை எல்லாம் பார்த்துத்தான் ஆசனம் சொல்லிக்கொடுப்பார்.

இன்று இந்த இரண்டு துறையும் சேர்ந்து, ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பாக இருக்கின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் நீங்கள் நேரில் ஆலோசனை பெறலாம்.

நமக்கு என்ன?

இந்த வரலாற்றில் நல்ல பெயர் எடுத்தவர்கள் தங்கள் உடலைக் கவனித்தார்கள், அளந்தார்கள், தேவைப்பட்டபோது டாக்டரிடம் போனார்கள். நாமும் அதையே செய்யலாம். நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, காய்கறி, நல்ல தூக்கம் எல்லாம் தாராளமாகத் தொடரட்டும். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கேட்காமல் உபவாசம் இருந்தால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைச் செய்யக்கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் சொல்லி நடக்க வேண்டியவை.

அடுத்த முறை "மாத்திரையை விடுங்கள்" என்ற செய்தி வந்தால், குழுவில் அனுப்புவதற்கு முன் சாசூன் மருத்துவமனையின் அந்த லாந்தர் விளக்கை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு வாருங்கள், சந்திப்போம்.